மாத்திரைதானே என்பவரிடம்

கீமோ என்றால் பாட்டில், ஊசி, கட்டில் என்றே நம் மக்கள் பழகியிருக்கிறார்கள். அதனால் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை அட்டைகளைக் கையில் வாங்கும்போது பலருக்கும் ஒரு நிம்மதி. "மாத்திரைதானே தம்பி" என்பார்கள். அந்த நிம்மதியைக் குலைக்காமல், மருந்தின் வீரியத்தையும் மறைக்காமல் பேசுவது எப்படி என்பதைத்தான் புற்றுநோய்ப் பிரிவு மருந்தகத்தில் பயிற்சியாளனாகக் கற்றுவருகிறேன்.

எனக்குச் சொல்லித்தருபவர் மூத்த மருந்தாளுநர். எல்லோருக்கும் அக்கா. மருந்தைக் கொடுக்கும் முன் நோயாளியின் பையை மேசையில் கொட்டிப் பார்க்கச் சொல்வார். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்குக் கேப்சிடபினையும் சேர்த்தால் ரத்தக்கசிவு வரலாம். வலிப்புக்கான ஃபெனிடாயின் ரத்தத்தில் கூடிவிடலாம். சத்து மாத்திரைகளில் இருக்கும் ஃபோலிக் அமிலம் கேப்சிடபினின் பக்கவிளைவுகளைக் கடுமையாக்கும். ஆனால் சத்து மாத்திரையை யாருமே மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்டால் "வேற எதுவும் இல்லை" என்றுதான் பதில் வரும்.

சாப்பிடும் முறையைச் சொல்வது எளிது. காலையும் இரவும், உணவு முடிந்து அரை மணிக்குள், தண்ணீரோடு. உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. எடுத்துக் கொடுக்கும் மகளோ மருமகளோ கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடக் கூடாது. பெரும்பாலும் 14 நாள் மருந்து, 7 நாள் ஓய்வு. அந்த ஓய்வில்தான் உடம்பு தேறுகிறது என்று அழுத்திச் சொல்கிறோம். சீக்கிரம் குணமாகும் என்று அந்த நாட்களிலும் விழுங்குகிறவர்கள் உண்டு.

கடினமானது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதைப் புரியவைப்பது. இந்த மருந்து உடலுக்குள் போய் 5-ஃப்ளூரோயுராசிலாக மாறுகிறது. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதால் குடலின் உட்சுவரும் வாயும் அடிபடும். 5-ஃப்ளூரோயுராசிலைச் சிதைக்கும் டிபிடி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு முதல் சுற்றிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் பேதி, இரவில் எழுப்பும் பேதி, சாப்பிட முடியாத வாய்ப்புண், உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து வலிப்பது: இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அழைக்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நிறுத்தினால் நோய் வளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் மறைப்பவர்களே அதிகம். "பேதி இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். அக்கா அப்படிக் கேட்பதே இல்லை. "நேத்து ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்சீங்கம்மா?" என்பார். "செருப்பு போட முடியுதா? பாத்திரம் யார் தேய்க்கிறா?" என்பார். பதிலில் எல்லாம் வந்துவிடும். கை, கால் சிவந்தவர்களிடம் சூடான தண்ணீரையும் உராய்வையும் தவிர்க்கச் சொல்லி, யூரியா கலந்த களிம்பைப் பழக்குவோம். கைத்தோல் உரிந்து ரேகை மங்குவதும் உண்டு. 2009இல் சிங்கப்பூர் நோயாளி ஒருவரின் அனுபவம் மருத்துவ இதழில் வந்தது, கைரேகை இல்லாமல் அமெரிக்கக் குடிநுழைவில் நிறுத்திவைக்கப்பட்டார். ரேஷன் கடையில் விரல் வைப்பவர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்கிறேன்.

பதில்களைக் குறித்து, அடுத்த அட்டை கைமாறும் முன் மருத்துவரிடம் காட்டுகிறோம். சில நாள் தள்ளிப்போடுவார், அளவைக் குறைப்பார். குறைத்த அளவோடு சிகிச்சையைத் தொடர்ந்து முடிக்கலாம் என்று நோயாளியிடம் விளக்குவதை இப்போது அக்கா என்னிடம் விட்டிருக்கிறார்.