நேரத்தால் வகுபடும் புள்ளி: ஒரு கரம்பொன் நாட்குறிப்பு

கரம்பொன், திங்கள்

நடைமுறைத் துவக்குச் சுடுதலில் வெற்றி தோல்வியைத் தீர்ப்பது ஒரு வகுத்தல் கணக்கு. பெற்ற புள்ளியை எடுத்த செக்கன்களால் வகுத்தால் வருவது ‘ஹிற் ஃபாக்ரர்’. 15 செக்கனில் 90 புள்ளி பெற்றவருக்கு 6.00. 17 செக்கனில் 96 புள்ளி பெற்றவருக்கு 5.65. குறியில் கூடச் சரியாகப் பட்டவர் இரண்டாமிடத்துக்குப் போகிறார். ஒவ்வொரு சுற்றிலும் முதலாமவர் அந்தச் சுற்றின் முழுப் புள்ளியையும் பெற, மற்றவர்கள் அவரோடு ஒப்பிட்டு விகிதப்படி பெறுகிறார்கள்.

ஒலிம்பிக் பிஸ்ரல் போட்டியில் வீரர் ஒரே இடத்தில் நின்று சுடுகிறார். இங்கே ஓடவேண்டும், தடுப்பின் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கவேண்டும், முழந்தாளிடவேண்டும், ஓட்டத்திலேயே மகசின் மாற்றவேண்டும். கடதாசிக் குறியில் ஏ, சி, டி என்று மூன்று வலயங்கள். தவறிய ஒவ்வொரு வெடிக்கும் 10 புள்ளி கழியும். சுடக்கூடாத குறியில் பட்டாலும் அதே தண்டனை. நீண்ட சுற்றொன்றுக்கு ஆகக்கூடியது 32 ரவைகள். முதல் உலகப் போட்டி 1975இல் சூரிச்சில் நடந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலக் கொலம்பியா நகரில் ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேச அமைப்பு உருவானது. அதன் முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், வலு, வேகம் ஆகிய மூன்றையும் குறிக்கும் இலத்தீன் சொற்களே இன்றைக்கும் அமைப்பின் மகுட வாசகம்.

கருவியைத் தெரிவதற்கான அளவுகோலும் இந்த வகுத்தலிலிருந்தே வருகிறது. றிக்கரை மெருகேற்றினால் ஒரு வெடிக்கும் அடுத்ததற்கும் இடையில் மிச்சமாவது செக்கனின் மிகச் சிறு பங்கு. ஒரு ரவை சிக்கிக்கொண்டால் அதை விடுவிக்கப் போவதோ முழுச் செக்கன்கள். புதிதாக வருகிறவர்களில் பலர் முதலாவதற்குக் காசைக் கொட்டி இரண்டாவதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். இந்த நாட்குறிப்பின் வரிசை அதற்கு நேர்மாறானது: நாட்டின் சட்டம், போட்டிப் பிரிவு, கை, ரவை ஊட்டம். மற்றத் திருத்தங்கள் எல்லாம் அவற்றுக்குப் பிறகு.

கரம்பொன், செவ்வாய்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலுள்ள கரம்பொனில் பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் வாழ்கிறார்கள். விளையாட்டு ஒன்று, விதிப் புத்தகம் ஒன்று. ஆனால் எந்தத் துவக்கை எடுக்கலாம் என்பது அவர்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்தது.

கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல் தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டன. 2023 டிசெம்பரில் சி-21 சட்டம் அந்தத் தடையை உறுதிப்படுத்தியது. ஒலிம்பிக் வகைப் போட்டியாளருக்கு விலக்கு உண்டு, நடைமுறைச் சுடுதலுக்கு இல்லை. அதற்கு முன்பே பதிவுசெய்து வைத்திருந்தவர் தம்முடையதைத் தொடர்ந்து பாவிக்கலாம். ஆகவே ரொறன்ரோவில் ‘எதை வாங்குவது’ என்ற கேள்வி முடிந்துவிட்டது. கையிலிருப்பதை எவ்வளவு காலம் நல்ல நிலையில் வைத்திருப்பது என்பதே மிஞ்சியிருக்கிறது. அங்கே கைத்துப்பாக்கி மகசினுக்கு 10 ரவைதான் எல்லை என்பதும் திட்டத்தை மாற்றுகிறது. 15 ரவை மகசின் உள்ளவர் 32 ரவைச் சுற்றை இரண்டு மகசின் மாற்றத்தோடு முடிக்கிறார். 10 ரவைக்காரருக்கு மூன்று தேவை. எந்த இடத்தில் மாற்றுவது, ஓடும்போதா நிற்கும்போதா என்பதை அவர் இன்னும் கவனமாகத் தீர்மானிக்கவேண்டும்.

பிரித்தானியாவில் 1996 டன்பிளேன் பாடசாலைக் கொலைகளுக்குப் பிறகு, 1997ஆம் ஆண்டுச் சட்டங்களால் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் தனியாரிடமிருந்து கைத்துப்பாக்கி நீங்கியது. லண்டன்காரர் நடைமுறைப் போட்டிக்குச் சொட்கண்ணை எடுக்கிறார். மகசினில் இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளும் சொட்கண்ணுக்குக் கடுமையான முதலாம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். சொட்கண் போட்டியில் பெரிய வேலை சுடுவதல்ல, தோட்டா நிரப்புவது. நெஞ்சிலோ இடுப்பிலோ அடுக்கிய தோட்டாக்களை நான்கு நான்காக உருவிக் குழாய் மகசினுக்குள் தள்ளப் பழகவேண்டும். நிரப்பும் வாயின் ஓரம் மழுங்காமல் கூராக இருந்தால் பெருவிரல் கிழியும். இன்னொரு வழி 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குண்டு சுடும் ‘அக்ஷன் எயர்’. 2018இல் ஹொங்கொங்கில் அதற்கு உலகப் போட்டியே நடந்தது. அதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குவது தவறு. உருவுதல், அசைவு, மகசின் மாற்றம், குழல் எந்தப் பக்கம் நோக்குகிறது என்ற கவனம் எல்லாவற்றையும் அது முழுமையாகக் கற்பிக்கிறது.

சுவிற்சர்லாந்தில் சுடுதல் ஊர்தோறும் வேரூன்றிய விளையாட்டு. ஆனால் 2008ஆம் ஆண்டு ஆயுத ஒழுங்குவிதி, ஆயுதம் பெறத் தடைசெய்யப்பட்ட சில நாட்டுக் குடிமக்களின் பட்டியலில் இலங்கையரையும் சேர்த்தது. விதிவிலக்கான அனுமதி இல்லாவிட்டால், இலங்கைக் கடவுச்சீட்டோடு சூரிச்சில் வாழ்பவருக்கு அந்த விதியின் கீழ் கழகத்துக் கதவு மூடியதுதான். சுவிஸ் குடியுரிமை பெற்ற மகனோ மகளோ அதே கழகத்தில் சேரலாம்.

இலங்கையில் இன்னும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமே அடிப்படை. தீவுப்பகுதியில் துவக்கு விளையாட்டுக் கருவியாக அறிமுகமானதில்லை. 1990களின் தொடக்கத்தில் ஊரே இடம்பெயர்ந்தது. அந்தத் தலைமுறை வெடிச்சத்தத்தைப் போட்டியோடு சேர்த்து நினைப்பதில்லை. வெளிநாட்டில் ஒரு பிள்ளை கழகத்தில் சேரப்போகிறேன் என்றால் வீட்டில் எழும் மறுப்புக்குக் காரணம் அறியாமை அல்ல, அனுபவம். அந்த மறுப்புக்கு மதிப்புக் கொடுத்து, பூட்டிய இரும்புப் பெட்டியும் தனியாகப் பூட்டிய ரவையும் முதற் செலவாக இருக்கவேண்டும்.

கரம்பொன், வியாழன்

சட்டம் விட்ட இடத்துக்குள் பிரிவைத் தெரியவேண்டும். ஓபன் பிரிவில் ஏறக்குறைய எல்லாம் அனுமதி: சிவப்புப் புள்ளிக் கண்ணாடி, குழல் முனையில் கொம்பன்சேற்றர், 170 மில்லிமீற்றர் வரை நீண்ட மகசின். ஸ்ரான்டர்ட் பிரிவில் மகசின் பூட்டிய பிஸ்ரல் 225 × 150 × 45 மில்லிமீற்றர் பெட்டிக்குள் அடங்கவேண்டும். புரொடக்ஷன் பிரிவில் அமைப்பின் பட்டியலில் உள்ள மொடல்கள் மட்டும். மகசினில் 15 ரவை, குழல் 127 மில்லிமீற்றருக்கு மேற்படாமல். றிக்கர் இழுவைக்கு முதல் வெடியில் 2.27 கிலோ அல்லது எல்லா வெடிக்கும் 1.36 கிலோ என்ற கீழெல்லையும் உண்டு. கிளொக் 34 நல்ல போட்டித் துவக்குத்தான், ஆனால் அதன் குழல் 127ஐத் தாண்டுகிறது. பட்டியலைப் பார்க்காமல் அதை வாங்கியவர் புரொடக்ஷனில் நிற்கமுடியாது. கிளொக் 17 நிற்கும்.

பிரிவோடு சேர்ந்து வருவது பவர் ஃபாக்ரர். சன்னத்தின் எடையைக் கிறெயினிலும் வேகத்தைச் செக்கனுக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கவேண்டும். 124 கிறெயின் சன்னம் 1,050 அடி வேகத்தில் போனால் 130.2. இது 125 என்ற மைனர் எல்லையைத் தாண்டிவிட்டது. ஸ்ரான்டர்ட் பிரிவில் மேஜர் எல்லை 170, ஓபனில் 160. மேஜருக்குச் சி வலயம் 4 புள்ளி, டி 2. மைனருக்கு 3, 1. ஏ வலயம் இரண்டுக்கும் 5தான். மேஜர்காரருக்குச் சிறு பிழை மலிவு. ஆனால் அவர் அதற்கு விலையாகக் கூடிய உதைப்பையும் ரவைச் செலவையும் சுமக்கிறார். புரொடக்ஷனில் எல்லாருக்கும் மைனர்தான். தொடக்கக்காரருக்கு அந்தப் பிரிவையே சொல்லவேண்டும். பண வித்தியாசம் அங்கே குறைவாகவும் கை வித்தியாசம் தெளிவாகவும் தெரியும்.

போட்டியில் இதைச் சோதிக்க நடுவர் ஒருவரிடமிருந்து எட்டு ரவைகளை எடுப்பார். ஒன்றைப் பிரித்துச் சன்னத்தை நிறுப்பார், மூன்றைச் சுட்டு வேகம் அளப்பார். மேஜரென்று அறிவித்து எட்டாவிட்டால் மைனராக எண்ணப்படும். 125ஐயே எட்டாவிட்டால் புள்ளி இல்லை. ஒரே ரவை ஒரு குழலில் காட்டும் வேகம் இன்னொன்றில் வராது, குளிர்ந்த காலையிலும் வராது. ஆகையால் 125ஐ உரசிக்கொண்டு நிற்காமல் 130 அளவில் வைப்பது நல்லது.

கரம்பொன், வெள்ளி

கை. பிஸ்ரலைப் பிடித்தபடியே சுட்டுவிரலின் நுனிப் பொருத்து வரை றிக்கரில் பதியவேண்டும், பிடி திரும்பாமல். விரல் எட்டாமல் பிடியைச் சுழற்றுபவரின் வெடி எப்போதும் ஒரு பக்கம் விலகும். அந்த விலகலைப் பின்காணியைத் தட்டிச் சரிப்படுத்துவது நோயை விட்டு அடையாளத்துக்கு மருந்து போடுவது. பிடித்தகடு மாற்றினால் பெரும்பாலும் தீரும்.

முழு உருக்கிலான சீ.செட். ஷடோ 2 சுமார் 1,330 கிராம். பொலிமர் சட்டமுள்ள கிளொக் 17 அதன் பாதியளவுதான். பாரம் உதைப்பை விழுங்குகிறது, நாள் முழுக்க இடுப்பில் சுமக்கவும் வைக்கிறது. முன்காணி மங்கத் தொடங்கிய கண்ணுக்குச் சிவப்புப் புள்ளி பெரிய உதவி. புரொடக்ஷன் ஒப்ரிக்ஸ் பிரிவு அதற்கே உள்ளது. 6 எம்.ஓ.ஏ. (கோண நிமிடம்) புள்ளி 25 மீற்றரில் ஏறக்குறைய 4.4 சென்ரிமீற்றரை மறைக்கும். பிரகாசத்தைத் தேவைக்கு மேல் கூட்டினால் அது இன்னும் விரிந்து கண்ணை இழுக்கும்.

றிக்கரை இலகுவாக்குவதற்கு முன் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று பார்க்கவேண்டும். சுத்தியல் ஸ்பிறிங்கைத் தளர்த்தினால் இழுவை மென்மையாகும், கடினமான பிறைமர் வெடிக்காமல் போகும். றீக்கொயில் ஸ்பிறிங்கைத் தளர்த்தினால் ஸ்லைட் திரும்பி வரும்போது குழல் குனிவது குறையும், ஆனால் ஸ்லைட் பின்னால் கூடிய வேகத்தோடு சட்டத்தில் மோதும். இறுக்கினால் மென்மையான ரவை ஸ்லைட்டை முழுதாகத் தள்ளாமல் அடுத்த ரவை ஏறாது. ஸ்பிறிங் எப்போதும் ரவைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். ரவை மாறினால் அதையும் மீண்டும் சோதிக்கவேண்டும். றிக்கரின் உள்ளுறுப்புகளை அரத்தால் தேய்ப்பது தேர்ந்த துவக்குத் திருத்துநரின் வேலை. தானே வெடிக்கும் துவக்கு போட்டியிலிருந்து நீக்கப்படும், அதைவிட முக்கியமாக ஆளைக் கொல்லும்.

கரம்பொன், ஞாயிறு

மகசின், ஹோல்ஸ்ரர், பெல்ற். போட்டிப் படங்களில் யாரும் கவனிக்காத இவையே போட்டியை நடத்துகின்றன.

நடைமுறைப் போட்டியில் பெல்ற் இரண்டு. உள்ளே ஒன்று காற்சட்டை வளையங்களுக்குள் போகும். வெளியே விறைப்பான மற்றொன்று வெல்குரோவால் அதில் ஒட்டும். விறைப்பு இல்லாவிட்டால் ஹோல்ஸ்ரர் பிஸ்ரலோடு மேலே கிளம்பும், கை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் தேடும். ஓபன் தவிர்ந்த பிரிவுகளில் பிஸ்ரலும் மகசின் உறைகளும் இடுப்பெலும்புக்கு முன்னே வரக்கூடாது, உடலிலிருந்து 50 மில்லிமீற்றருக்கு மேல் விலகவும் கூடாது. றிக்கரை முழுதாக மூடாத ஹோல்ஸ்ரரை வாங்கவே வேண்டாம். வெறும் பிஸ்ரலைப் போட்டுக்கொண்டு குதித்து, குனிந்து, ஓடிப்பார்த்தால் இறுக்கம் தெரிந்துவிடும். பிஸ்ரல் கீழே விழுந்தாலோ குழல் 90 பாகையைத் தாண்டிப் பின்னால் திரும்பினாலோ போட்டி அத்தோடு சரி. இந்த விதியில் கருணை காட்டாததே இந்த விளையாட்டின் பெருமை.

மகசின்கள் மண்ணில் விழுகின்றன, மிதிபடுகின்றன. ஒவ்வொன்றின் அடித்தட்டிலும் வெள்ளைப் பூச்சால் இலக்கம் எழுதவேண்டும். சிக்கல் வந்த நாளில் குறிப்புப் புத்தகத்தில் இலக்கத்தையும் சிக்கலின் வகையையும் எழுதவேண்டும்: “3, கடைசி ரவை மூக்கு மேலே”. மூன்று கிழமைக்குப் பிறகு புரட்டினால் அந்த இலக்கமே திரும்பத் திரும்ப நிற்கும். அது வரை துவக்கைக் குற்றம் சொல்லி ஸ்பிறிங் மாற்றிக்கொண்டிருந்தவருக்கு, பிழை, மகசினின் வாயோரம் சற்று விரிந்திருந்ததே என்பது அப்போதுதான் புரியும். சுத்தம் செய்யும்போது அடித்தட்டைக் கழற்றி, ஸ்பிறிங்கையும் ஃபொலோவரையும் வெளியே எடுத்து, உட்சுவரில் தூரிகை ஓட்டி, உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். உள்ளே எண்ணெய் விடக்கூடாது. எண்ணெயில் மணல் ஒட்டும்.

கண்ணாடியும் காதடைப்பும் யாருக்கும் விலக்கில்லை. கூரையுள்ள மைதானத்தில் காதுக்குள் ஒன்று, மேலே மூடியாக ஒன்று என்று இரண்டு வேண்டும்.

கரம்பொன், புதன்

சோளகக் காற்று வீசும் மாதங்களில் கரம்பொனில் கேற் கொழுக்கியிலும் சைக்கிள் செயினிலும் செந்துரு படிவதற்கு ஓர் இரவு போதும். கடலிலிருந்து வரும் அந்த உப்பு, சுடுபவரின் கையில் வியர்வையாக இருக்கிறது. போட்டி முடிந்ததும் துவக்கை அப்படியே பெட்டிக்குள் போடுபவருடையதில் முதலில் துரு ஏறுவது பூச்சுத் தேய்ந்த இடங்களில்: ஸ்லைட்டின் முன்விளிம்பு, மகசின் விடுவிப்புப் பொத்தான், பின்காணியின் திருகு. ஸ்லைட் சறுக்கும் தடங்களில் எண்ணெய் மெல்லிய படலமாகவும், வெளிப்புறத்தில் எண்ணெய்த் துணியின் ஒரே துடைப்பாகவும் இருந்தால் போதும். குழலில் ரவை இருக்கும் அறையில் எண்ணெய் தேங்கினால் பிறைமர் பழுதாகும். சன்னத்தில் ஈயம் இருப்பதால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு.

ரொறன்ரோக் குளிரில் துரு வேறு வழியால் வருகிறது. உறைந்த காரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால் இரும்பில் ஈரம் வியர்க்கும். பெட்டி பூட்டியபடியே அறைச் சூட்டுக்கு வரட்டும், பிறகு திறந்து, வெறுமையென்று கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, குழலிலிருந்து துடைக்கத் தொடங்கவேண்டும்.