ஐந்தரை மணிக்குத் திறக்கும் மைதானம்

முன்பெல்லாம் உதைபந்தாட்ட வீடியோ கேம் ஆண்டுக்கு ஒருமுறை வரும். வாங்கியவர் அடுத்த ஆண்டுவரை அதே அணிகளோடு, அதே சட்டைகளோடு ஆடுவார். ஈஏ நிறுவனத்தின் ஃபிஃபா வரிசை 1993 இல் தொடங்கியபோது இதுதான் நடைமுறை. 2009 இல், வீரர்களை அட்டைகளாகச் சேர்த்து அணி கட்டும் ‘அல்டிமேட் டீம்’ வந்தபின் நிலைமை மாறிவிட்டது. சனி, ஞாயிறில் எங்கோ ஒரு மைதானத்தில் மூன்று கோல் அடித்தவரின் புதிய அட்டை, வாரம் பாதி கடக்குமுன் போனுக்குள் வந்துவிட வேண்டும். ஒருவர் கழகம் மாறினால் கேமிலும் சட்டை மாற வேண்டும். இதற்கு லைவ் கன்டென்ட் என்று பெயர். வந்தது சரியாக வந்ததா என்று பார்ப்பவர் டெஸ்டர். இலங்கையின் மன்னார்த் தீவில், பேசாலையில் இருந்தபடி நான் செய்வது அந்த வேலை.

கேம் விளையாடவா சம்பளம் தருகிறார்கள் என்று ஊரில் பலர் கேட்கிறார்கள். விளையாடுகிறவன் வெல்லப் பார்க்கிறான். டெஸ்டர் அட்டையைத் திறந்ததும் பெயரின் எழுத்து, நாட்டுக்கொடி, கழகச் சின்னம், சட்டை எண், எந்தக் கால் பழக்கம், எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். அட்டை திறக்கும் நேரத்தில் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தால் என்ன ஆகிறது? பாதி ஆட்டத்தில் டேட்டா தீர்ந்தால்? விலை குறைந்த பழைய போனில் புல்தரை பச்சையாகத் தெரிகிறதா? பிழை கண்டால் எழுத வேண்டும். திருத்திய பில்ட், அதாவது கேமின் புதிய பதிப்பு, வந்தபின் அந்தப் பிழை போய்விட்டதா, அதைத் திருத்தப்போய் வேறேதும் உடைந்ததா என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். இதற்குப் பொறுமை மட்டும் போதாது, ஆட்டத்தின் மேல் பிரியமும் வேண்டும். உதைபந்து தெரியாதவரின் கண்ணுக்கு, ஓஃப்சைட் கோடு ஒரு சாண் தள்ளி விழுந்திருப்பது தெரியாது.

ஒரு பிழையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். வார இறுதிப் போட்டி ஒன்றின் பரிசை எடுத்துக்கொள்ளக் கடைசி நேரம் சர்வதேச நேரப்படி நள்ளிரவு. எங்களுக்கு அது காலை ஐந்தரை. பக்கத்து வீட்டுத் தம்பி விடிந்தும் விடியாமலும் வந்து நின்றான்.

“அண்ணா, அஞ்சு மணிக்கே மூடிட்டாங்கள். இன்னும் அரை மணித்தியாலம் கிடக்குதெண்டுதானே படுத்திருந்தனான்.”

நான் அனுப்பிய கேள்விக்கு, தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஐரோப்பாவிலிருந்து பதில் வந்தது. அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. அவர்களுடைய கடிகாரங்கள் சர்வதேச நேரத்திலிருந்து முழு மணிக் கணக்கில் விலகி நிற்பவை. போனின் நேரத்திலிருந்து சர்வதேச நேரத்தைக் கணக்கிட்ட நிரல், ஐந்தரை மணி வித்தியாசத்தில் ஐந்தை எடுத்துக்கொண்டு அரையை விட்டுவிட்டது. போனின் நேர வலயத்தைக் கொழும்பு, காபூல், தெஹ்ரான், யாங்கோன் என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றிலும் பரிசுப் பொத்தான் அரை மணி முந்தியே மங்கிப்போவதைப் படம் பிடித்து அனுப்பினேன். இந்தியா முழுவதும் இதே வலயம்தான். கோடிக்கணக்கான போன்களில் இதே அரை மணி காணாமல் போயிருக்கும்.

இதைச் சந்தேகிக்க எனக்குத் தனிப் படிப்பு தேவைப்படவில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக 1996 மே மாதம் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அவ்வாண்டு அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தோம். இடைப்பட்ட காலம் முழுக்கப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. மன்னார் நகரில் ஒரு நேரம், உயிலங்குளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மற்றொரு நேரம். கலியாண வீட்டுக்குச் சொல்லும்போதுகூடப் பழைய நேரமா புது நேரமா என்று கேட்டுக்கொண்ட வீடுகள் எங்களுடையவை. அரை மணி வித்தியாசத்தைத் தூசியாக நினைக்க எங்களால் முடியாது. கேமைச் செய்கிறவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரின் வாழ்க்கைதான் முதலில் சோதிக்கப்படுகிறது. மற்ற ஊர்களின் வாழ்க்கையை அங்கே இருப்பவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

மின்வெட்டும் அப்படி ஒன்று. 2022 மார்ச் முடிவில் நாட்டில் அது ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை போனது. எங்கள் தீவின் தெற்குக் கரையில் தம்பபவனி காற்றாலை மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் நிற்கின்றன. ஆனாலும் இருட்டு எங்களுக்கும் பொதுவாகத்தான் இருந்தது. கரண்ட் நின்று சிக்னலும் போனால், இணையத்தில் ஆடிக்கொண்டிருந்தவருக்குத் தோல்வி என்று பதிவாகும். ஓடித் தப்புகிறவரைத் தண்டிக்க வைத்த விதி அது. ஆட்டத்தை வென்றுகொண்டிருந்த பையனுக்கு அது அநியாயம். இதைப் பிழையாக எடுப்பதா, வடிவமைப்பு என்று விடுவதா என்ற வாதத்தில் நான் இன்றும் பையன்களின் பக்கம்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சிகள் உண்டு. 2013 நவம்பரில் வெளிவந்த ‘ஆஷஸ் கிரிக்கெட் 2013’ சில நாட்களிலேயே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கொடுக்கப்பட்டது. 2021 செப்டெம்பர் 30 அன்று கொனாமி வெளியிட்ட ‘ஈஃபுட்போல்’ கேமில் வீரர்களின் முகங்கள் கோணிக்கொண்டு நின்றன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இதற்கு நேர்மாறான சாட்சியும் இருக்கிறது. 2006 இல் வந்த ‘கிரிக்கெட் 07’ க்குப் பிறகு ஈஏ கிரிக்கெட் கேம் செய்வதை நிறுத்திக்கொண்டது. ஆனால் தெற்காசியாவின் ரசிகர்கள் சம்பளம் இல்லாமல், ஆண்டுக்காண்டு புதிய அணிகளையும் சட்டைகளையும் பெயர்களையும் தாங்களே செய்து அந்தக் கேமை உயிரோடு வைத்திருக்கிறார்கள். லைவ் கன்டென்ட் என்ற பெயரைக் கேள்விப்படுமுன்பே அதைச் செய்தவர்கள் அவர்கள்தான். அவர்கள்மேல் எனக்கிருக்கும் மரியாதை பெரிது.

மன்னார் உதைபந்து மண். பேசாலை, தலைமன்னார் என்று கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் கழகம் இருக்கிறது. இலங்கைத் தேசிய அணியின் பின்வரிசையில் நின்ற டக்சன் பியூஸ்லஸ் மன்னார்ப் பிள்ளை. மாலைதீவில் வலென்சியா கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 2022 ஏப்ரலில், அங்கேயே இறந்தார். நான் சரிபார்க்கும் பட்டியலிலும் ஒரு வலென்சியா உண்டு, ஸ்பெயினில் இருப்பது. அதன் மாற்று ஆட்டக்காரரின் தலைமயிர் எந்தப் பக்கம் வகிடு என்றுகூட எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் டக்சனின் வேகத்துக்கு எண் இருந்ததில்லை. பெரிய லீக்குகளின் வீரர்களுக்கு எண் போட உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் போட்டிகளைப் பார்த்துக் குறிப்பெழுதுகிறார்கள். எங்கள் மைதானத்துக்கு அந்தக் குறிப்பேடு வரவில்லை. உரிமம், சந்தை என்று காரணங்கள் இருக்கின்றன, அவை எனக்குப் புரியும். வருத்தம் அதனால் குறைவதில்லை.

இந்த வேலைக்கு உத்தரவாதமும் குறைவு. 2023 பெப்ரவரியில் அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில் ஈஏ சுமார் 200 டெஸ்டர்களை ஒரே நாளில் நிறுத்தியது. ஒப்பந்தத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் அந்தச் செய்தி வயிற்றைக் கலக்கியது. என்றாலும் ஊர்ப் பிள்ளைகள் கேட்டால் வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். கேமை உருவாக்குகிறவர்களால் மட்டும் அதைக் காப்பாற்ற முடியாது.

வெளிவராத பில்ட்டை யாருக்கும் காட்டக் கூடாது, கையெழுத்திட்டிருக்கிறேன். அதனால் வருகிற பிள்ளைகளை, வெளிவந்த கேமை வைத்தே பிழை எழுதப் பழக்குகிறேன். என்ன செய்தாய், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்ற மூன்றும் இருக்க வேண்டும், “சரியில்லை” என்ற சொல் இருக்கக் கூடாது. கோல்காப்பாளராக ஆடும் ஒருவன் கொண்டுவந்த தாளில், மழை பெய்யும் போட்டியில் நிலத்தோடு அடித்த பந்து காய்ந்த தரையில் போலவே எழும்புகிறது, ஈரத்தில் அது வழுக்கிக்கொண்டு வேகமாக வந்திருக்க வேண்டும் என்று இருந்தது. ஐந்து போட்டிகளில் பார்த்து, நிமிடங்களையும் குறித்திருந்தான். நானும் ஆடிப் பார்த்து, அவன் வரிசைப்படியே எழுதி அனுப்பினேன். பிழைதான் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் திருத்தவில்லை. ஒவ்வொரு புது பில்ட்டிலும் முதலில் மழைப் போட்டியைத்தான் திறக்கிறேன்.