ஓடும் வண்டியில் ஒரு காவலர்

மதுரை விமான நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் பையிலிருந்து ஒரு பாக்குவெட்டியை எடுத்தார் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர். கைப்பையில் இதற்கு அனுமதி இல்லை என்றார். "போன வாரம் இதே பையோடதான் தம்பி ரயில்ல வந்தேன். யாரும் ஒண்ணும் கேக்கலையே!" பெரியவர் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அவர் சொன்னது சரிதான். நானும் சென்னையிலிருந்து இரவு ரயிலில்தான் மதுரைக்கு வந்திருந்தேன். படுக்கையில் சாயும்வரை என் பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை. டிக்கெட் பரிசோதகர் பெயரையும் அடையாள அட்டையையும் பார்த்தார். அவ்வளவுதான்.

விமான நிலையக் கெடுபிடி சும்மா வந்ததல்ல. 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கத்தில் பெட்டியில் வைத்த குண்டு வெடித்து முப்பது பேர் அளவுக்கு மாண்டார்கள். 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டது. அதன் பிறகே, 2000 முதல், விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தன. வானத்தில் போன பிறகு யாரும் ஏறி வந்து உதவ முடியாது. அதனால் காவல் முழுவதையும் வாசலிலேயே செலவழிக்கிறார்கள்.

ரயிலும் தப்பவில்லை. 2006 ஜூலை 11 அன்று மும்பைப் புறநகர் ரயில்களில் அடுத்தடுத்து ஏழு குண்டுகள் வெடித்தன. 2014 மே 1 அன்று சென்னை சென்ட்ரலில் வந்து நின்ற குவாஹாட்டி ரயிலில் குண்டு வெடித்து ஓர் இளம்பெண் இறந்தார். குண்டுகளைவிட என்னை அதிகம் உறுத்துவது மதுரைத் தீ. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டி மதுரையில் தனியே கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே ஒளித்துக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் கருகினார்கள். விமானத்தில் ஒரு லைட்டரைக்கூட விடமாட்டார்கள். அந்த ரயில் பெட்டியிலோ சிலிண்டரே பல ஊர்களைத் தாண்டி வந்திருக்கிறது.

அப்படியானால் ரயில் நிலைய வாசலிலும் எல்லாரையும் நிறுத்திச் சோதிக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து. விமானத்துக்கு ஒரே வாசல். ரயிலோ வழியெல்லாம் நிற்கிறது, நிற்கும் ஊரிலெல்லாம் ஆள் ஏறுகிறது. பல சிறு நிலையங்களுக்குச் சுவரே கிடையாது. முன்பதிவில்லாப் பெட்டியை நம்பி, வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஓடிவரும் கூலித் தொழிலாளியை இரண்டு மணி நேரம் முன்னதாக வா என்றால், அது அவர் பிழைப்பில் கைவைப்பது. மெட்ரோவில் பைகளை ஸ்கேன் செய்ய முடிகிறது. அங்கே வாசல்கள் எண்ணிக்கைக்குள் அடங்கும்.

ரயிலில் ஆபத்து பெரும்பாலும் வாசலைக் கடந்த பிறகு வருகிறது. 2025 பிப்ரவரியில் கோவை–திருப்பதி இன்டர்சிட்டியில், மகளிர் பெட்டியில் தனியாக இருந்த கர்ப்பிணிப் பெண்ணிடம் ஒருவன் அத்துமீறி, ஓடும் வண்டியிலிருந்து கீழே தள்ளினான். எந்த ஸ்கேனரும் அதைத் தடுத்திருக்காது. சீருடையில் ஓர் ஆள் அந்தப் பெட்டியில் இருந்திருந்தால் தடுத்திருக்கலாம்.

நான் மதுரைக்கு வந்த அந்த இரவு ரயில் நள்ளிரவுக்குப் பின் விருத்தாசலத்தில் நின்றது. கதவோரம் யாரோ ஏறும் சத்தம். எதிர் பெர்த்தில் தனியாக வந்த கல்லூரி மாணவி சட்டென்று எழுந்து, தலைமாட்டுப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் லத்தியோடு இரண்டு காவலர்கள் பெட்டி நெடுக நடந்துபோனார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் மறுபடி படுத்தாள். அந்த நடைதான் ரயிலின் பாதுகாப்பு. இரவில் ஓடும் ஒவ்வொரு வண்டியின் மகளிர் பெட்டியிலும் ஒரு பெண் காவலர் இருந்தே ஆகவேண்டும். ரயில்வே இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

பயணம் கிளம்பும் பிள்ளைகளின் செல்பேசியில் 139 என்ற ரயில்வே உதவி எண்ணைப் பதிந்து கொடுங்கள். ரயிலில் பொருள் திருடு போனால் வழக்குப் பதிவது மாநில அரசின் ரயில்வே காவல்துறை. அதற்காகப் பாதிவழியில் இறங்க வேண்டியதில்லை. பரிசோதகரிடமே படிவம் வாங்கி, ஓடும் வண்டியிலேயே புகார் எழுதிக் கொடுக்கலாம்.