நிறுத்திய வண்டி நிற்க வேண்டும்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. கீரிமலை என்று ஒன்று உண்டே என வெளியூர் நண்பர் எவரேனும் வினவுவாராயின், அவரை அங்கு அழைத்துச் சென்று கேணியில் ஒரு முழுக்குப் போடச் செய்து திருப்பி அனுப்பிவிடலாம். மூச்சு வாங்க வேண்டிய ஏற்றம் எதுவும் வழியில் குறுக்கிடாது. ஆறும் இல்லை. மழைக்காலத்தில் மாத்திரம் நீரோடும் வழுக்கியாற்றைக் காட்டி ஒருவாறு மானத்தைக் காத்து வருகின்றோம். இத்தகைய சமதரையிற் பிறந்து வளர்ந்தோருக்கு, கைப்பிறேக்கு எனப் பேச்சில் வழங்கும் கைத்தடையானது மோட்டார் வண்டியின் அலங்காரப் பொருள்களுள் ஒன்றாகவே தோன்றும்.

எமக்கும் நெடுங்காலம் அவ்வாறே தோன்றிற்று. 1990 ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலினால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எமது. எமது ஒழுங்கையில் நின்ற ஒஸ்ரின் ஏ-40 வாடகைக் காருக்குக் கைத்தடைப் பிடி இருந்தது. அது எதனோடும் தொடுக்கப்பட்டிருக்கவில்லை. சாரதியார் தமது துவாயை அதன்மேற் காயப்போடுவார். வண்டியை நிறுத்தியதும் பின்சில்லுக்கு ஒரு கல்லை அடை கொடுப்பார். உதிரிப்பாகம் எதுவும் கிடையாத அந்நாளில் அக்கல் ஒன்றே தட்டுப்பாடின்றிக் கிடைத்த உதிரிப்பாகம்.

2002 இல் ஏ-9 பாதை திறந்த பின்னர், பேராதனையிற் படிக்கச் சென்றபோதுதான் சாய்வு என்பது இன்னதென்று கண்ணாற் கண்டோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லொறி நிற்க நேர்ந்தால், சாரதி மிதித்த காலை எடுக்குமுன் உதவியாளன் முக்கோணக் கட்டையுடன் கீழே குதித்துச் சில்லின்கீழ் அதைச் செருகுவான். அவன் ஒரு கணம் தாமதித்தால் என்னவாகும் என்று எண்ணியதுண்டு. எண்ணியதோடு சரி. ஊர் திரும்பிக் கல்லூரி ஆசிரியராகிப் பௌதிகம் கற்பிக்கத் தொடங்கிய பின் சாய்தளம் என்பது கரும்பலகையில் வரையும் முக்கோணமாக மாத்திரம் எஞ்சிற்று.

எமது தமக்கையாரின் மகன் பழைய ஜீப் ஒன்றை வாங்கினான். இரண்டாம் உலகப் போருக்கென அமெரிக்காவில் வில்லிஸ், போர்ட் என்னும் இரு தொழிற்சாலைகள் ஆறு லட்சத்துக்கு மேல் உருவாக்கிய அந்த வண்டியின் வம்சத்தில் வந்தது அது. மருமகனுக்கு வடமராட்சி கிழக்கின் மணலில் ஓடவேண்டும். சுண்டிக்குளத்துப் பறவைகளைப் பார்க்கவேண்டும். ஆகவே பழைய கியர்ப் பெட்டியைக் கழற்றி யப்பானிய வண்டி ஒன்றின் பெட்டியைப் பொருத்தினான். பின் அச்சையும் மாற்றி, அதில் ட்ரம் தடைக்குப் பதிலாக டிஸ்க் தடை அமைத்தான். வண்டி நன்றாகவே ஓடிற்று. நன்றாகவே நின்றது, காலால் மிதித்திருக்கும் வரையில்.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர் அறிதல் வேண்டும். பழைய ஜீப்பின் கைத்தடை சில்லுகளில் இருப்பதன்று. கியர்ப் பெட்டிக்குப் பின்னால், வலுவை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் பெட்டியின் வாயிலில், செலுத்துத் தண்டைப் பிடித்து நிறுத்துவது அது. 1948 இல் வெளிவந்த லாண்ட் றோவரும் இம்முறையையே கைக்கொண்டு, அதன் வழிவந்த டிபென்டர் 2016 இல் நின்றுபோகும் வரை அதனைக் கைவிடாதிருந்தது. யப்பானிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் கைத்தடை பின்சில்லின் ட்ரம்மினுள் இருக்கும். மருமகன் பெட்டியை மாற்றியபோது ஒன்று போயிற்று. ட்ரம்மைக் கழற்றியபோது மற்றதும் போயிற்று.

இதற்கு அவன் கண்ட பரிகாரம் மிக எளியது. கால்தடையின் எண்ணெய்க் குழாயில் ஒரு பூட்டு வால்வைப் பொருத்தினான். மிதித்துக்கொண்டு வால்வைத் திருப்பினால் அமுக்கம் உள்ளே சிறைப்பட்டுவிடும். காலை எடுத்தாலும் தடை பிடித்தபடியே இருக்கும். “மாமா, நீர் சொல்லும், இது சரிதானே?” என்று எம்மை அழைத்துக் காட்டினான். நாம் பெருமகிழ்வுடன் தலையசைத்தோம். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் ஏற்படும் அமுக்கம் குறைவின்றி எங்கும் பரவும் என்னும் பஸ்காலின் விதியை அவனுக்கு அங்கேயே விளக்கினோம். விளங்காதவன் போலவும் அவன் இருக்கவில்லை.

வைகாசி மாதத்துப் போயா விடுமுறையில் குடும்பத்தோடு மணற்காட்டுக்குச் சென்றோம். எமது அன்னையார், இல்லாள், பிள்ளைகள் இருவர், மருமகன், நாம். மணல்மேடுகளையும், மணல் மூடிக் கிடக்கும் பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்களையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, சவுக்கு மரங்களின் நிழலிற் பாய் விரித்து உண்பதென்பது ஏற்பாடு. ஜீப்பை மேட்டின் இறுகிய சரிவில் நிறுத்தி, மருமகன் வால்வைத் திருப்பினான். பின்னர் பழக்கத்தினாற்போலும் நாற்புறமும் கல் தேடினான். மணற்காட்டில் கல் ஏது?

“பஸ்கால் இருக்கும்போது கல் எதற்கு?” என்றோம் நாம். இதனை எழுதவும் வெட்கமாகவே இருக்கிறது.

நாற்பது நிமிடம் சென்றிருக்கும். அன்னையார் பாயில் அமர்ந்து சோற்றுப் பெட்டியைத் திறந்தவர், சேலைத் தலைப்பில் ஏறியிருந்த மணலை உதறிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து சற்று அப்பாற் சென்றார். பின்னால் யாரோ பெருமூச்சு விடுவதுபோல் மெல்லிய ஒலி கேட்டது. திரும்பினோம். ஆளில்லாத வண்டி அவசரம் ஏதுமின்றி, நடந்து வருவதுபோல் இறங்கி வந்துகொண்டிருந்தது. மருமகன் பாய்ந்தான், கதவை எட்டமுடியவில்லை. பாயின்மேல் ஏறி, சோற்றுப் பெட்டியையும் தூக்குச்சட்டியையும் நெரித்து, சவுக்கு மரம் ஒன்றில் முட்டி நின்றது. அன்னையார் பத்தடி தூரத்தில் சேலைத் தலைப்பைக் கையிற் பிடித்தபடியே நின்றார். அவர் எதுவும் பேசவில்லை. நசுங்கிய தூக்குச்சட்டியை எடுத்து மணலைத் தட்டி மடியில் வைத்துக்கொண்டு, திரும்பும் வழி முழுவதும் அதனையே பார்த்திருந்தார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பஸ்காலின் விதி பிழைக்கவில்லை. அமுக்கம் எங்கும் பரவும் என்றுதான் அவர் சொன்னார், எத்தனை நாழிகை நிலைக்கும் என்று சொல்லவில்லை. திரவம் நசுக்கத்துக்கு இடங்கொடாதது. அதனாலேயே, அடைப்பு வழியே ஒரு துளி கசிந்தாலும், ஓடிவந்து சூடேறிய எண்ணெய் குளிர்ந்து மிகச் சிறிதளவு சுருங்கினாலும், அமுக்கம் பெருமளவு வீழ்ந்துவிடும். இழுத்துக் கட்டிய கம்பி வடமோ அவ்வாறன்று. அது நீண்டு நிற்பதால் சிறிது தளர்வு ஏற்பட்டாலும் விடாது இழுத்துக்கொண்டிருக்கும். நிறுத்தற் தடையைப் பூட்டி வைத்திருப்பது முற்றிலும் பொறிமுறைச் சாதனமாகவே இருக்கவேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதிகள் வற்புறுத்துவது இதனாற்றான். இவ்வளவும் எமக்குத் தெரிந்த பாடமே. முதல் நாள் நினைவுக்கு வராதது மறுநாள் வந்தது.

அத்துடன் இன்னொரு தவறும் நேர்ந்திருந்தது. மருமகன் கியரைப் போட்டே வண்டியை நிறுத்தியிருந்தான். ஆனால் பகிர்வுப் பெட்டியின் பிடியை மணல் ஓட்டத்திலிருந்து தெருவோட்டத்துக்கு மாற்றும்போது நடுவில் விட்டுவிட்டான். பிடி நடுவில் நின்றால் கியருக்கும் சில்லுக்கும் தொடர்பே இல்லை.

அடுத்த கிழமை கொக்குவிலில் எமக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றோம். மண்ணெண்ணெய்க் காலத்தில் தொழில் பழகியவர். பேச்சு அளந்துதான் வரும். கைத்தடையைத் தெரிவு செய்ய மூன்று வழிகள் இருந்தன. கையால் இழுக்கும் நெம்பு உள்ள டிஸ்க் பிடிகளைப் பின்சில்லுகளிற் பொருத்தலாம். டிஸ்க்கின் நடுக்குழிவினுள் சிறு ட்ரம் அமைந்த வகையைத் தேடலாம். அல்லது பழைய ஜீப்பின் முறைக்கே திரும்பி, பெட்டியின் பின்வாயிலில் ட்ரம் ஒன்றை வைக்கலாம்.

மருமகனுக்கு முதலாவதில் விருப்பம். விலைக்கு வாங்கிப் பூட்டிவிடலாம். மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். “கடற்கரை மணலுக்கை ஓடுற வண்டி, சேர். உப்புக் காத்துக்கு அந்தச் சின்ன நெம்பு ஆறு மாசத்திலை இறுகிப்போம். கேபிளும் அப்பிடித்தான்.” டிஸ்க்குக்கு இன்னொரு குறையும் உண்டு: கை கொடுக்கும் விசையே அதன் விசை. ட்ரம்மினுள் இருக்கும் கட்டையோ, சுழற்சி இழுக்கும் திசையில் தானே மேலும் அழுந்தும் இயல்புடையது. இரண்டாவது வகைக்கு அச்சின் முனைகளில் தகடு ஒட்டி மையம் பிசகாது கடைந்தெடுக்க வேண்டும். அந்த வேலை எமது பணப்பைக்கு எட்டாதிருந்தது.

மூன்றாவதைப் பற்றி நாம் கணக்கிட்டோம். ஆட்களுடன் வண்டியின் நிறை 1500 கிலோ எனக் கொள்க. ஒழுங்குவிதி பயணிகள் காருக்கு வேண்டுவது 20 சதவீதச் சாய்வில் நிற்றல். அச்சாய்வில் வண்டியைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 300 கிலோ நிறைக்குச் சமன். சில்லுகளில் இதனைத் தாங்குவதற்குப் பெருந் திருப்பம் வேண்டும். ஆனால் பின் அச்சின் பற்சில்லு விகிதம் 4.1 ஆதலால், செலுத்துத் தண்டில் அதில் கால்பங்களவே போதும். ஒரு சிறிய ட்ரம், சில்லுகளில் ஏறக்குறைய நான்கு மடங்கு வலுவுடன் பிடிக்கின்றது. பகிர்வுப் பெட்டியின் பிடி எங்கு நின்றாலும் அது பின்சில்லுகளை விடாது. சேற்றுக்கும் உப்புநீருக்கும் எட்டாத உயரத்திலும் இருக்கின்றது. கணக்கைக் கண்ட மெக்கானிக், “அதுதான் வெள்ளைக்காரன் அங்கை வைச்சவன்” என்று மட்டும் சொன்னார்.

பழைய லாண்ட் றோவர் ஒன்றின் ட்ரம் கிடைத்தது. கடைச்சல்காரர் இடைத்தகடு ஒன்றைக் கடைந்து தந்தார். பெட்டியின் எண்ணெய் கசிந்து தடைக்கட்டையில் ஊறினால் எல்லாம் வீண் என்பதால் பின்வாயிலின் சீலையும் புதிதாக மாற்றினோம். வேலை முடிந்தது. ஆனால் சோதிப்பதற்குச் சாய்வு எங்கே? மலையில்லாத ஊரில் மலையை நாமே உண்டாக்கினோம். பழைய இரும்பு வாங்கும் கடையிலிருந்து தொங்கு தராசு ஒன்றை இரவல் பெற்று, கொங்கிறீற்றுத் தரையில் ஜீப்பை நிறுத்திக் கைத்தடையை இழுத்து, உழவு இயந்திரத்துக்கும் ஜீப்புக்கும் இடையே தராசைக் கட்டினோம். சில்லின் உருளல் எதிர்ப்புக்காக நாற்பது கிலோ கூட்டி, முள் 340 ஐத் தொடும்வரை இழுக்கச் செய்தோம். “தட்” என்றொரு ஓசையுடன் வண்டி இரண்டங்குலம் நகர்ந்தது. எமது நெஞ்சு ஒருகணம் நின்றது. பின்னர் வண்டியும் நின்றது. “அது பல்லுகளின்ரை தளர்வு, சேர். இனி அசையாது.” பின்புறமாகவும் இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை.

வெற்றிக்களிப்புடன் புறப்பட ஆயத்தமானோம். மெக்கானிக் விடவில்லை. ஜக்கை எடுத்துவந்து ஒரு பின்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தினார். கைத்தடை இழுத்தபடியே இருந்தது. “இப்ப தள்ளிப் பாருங்கோ, சேர்.” கடையில் வேலை பழகும் பையன் ஒருவனும் நாமும் கை வைத்ததுதான் தாமதம், வண்டி நகரத் தொடங்கிற்று! அந்தரத்தில் நின்ற சில்லு எதிர்த்திசையிற் சுழன்றது. மெக்கானிக் தயாராக வைத்திருந்த கட்டையைக் காலால் தள்ளி அதனை மறித்தார்.

சற்றுச் சிந்தித்தபின் விளங்கிற்று. தண்டு பிடிபட்டிருந்தாலும், இரு பின்சில்லுகளுக்கும் நடுவிலுள்ள டிபரன்சல், ஒன்று முன்னோக்கிச் சுழல மற்றது பின்னோக்கிச் சுழல இடங்கொடுக்கும். இரண்டும் தரையில் இருக்கும்போது அது நிகழாது. ஒன்று உயர்ந்துவிட்டால் தடை இருந்தும் இல்லாததே. ரயர் மாற்றுவதற்குச் சில்லை உயர்த்துகையில், அருகே குந்தியிருப்பவன் மீதே வண்டி சரியும். நாலு சில்லு இழுவையை இணைத்து முன்சில்லுகள் இரண்டையும் தரையில் வைத்திருந்தால், அவையும் தண்டின் வழியே பிடிபட்டு வண்டி நிற்கும். மெக்கானிக் அதனையும் செய்து காட்டினார். பின்னர், “எண்டாலும் கட்டை போடாமல் ஜக்கு அடிக்கக் கூடாது” என்று மருமகனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஓடும்போது இந்தத் தடையை இழுத்தாற் தண்டே முறியக்கூடும் என்பதையும் அவனுக்கு இருமுறை சொன்னார். பஸ்காலைப் பற்றி அவர் எம்மிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மருமகன் சொல்லியிருப்பான் என்றே எண்ணுகின்றோம்.

பனங்கட்டையில் முக்கோணமாக இரண்டு அடைகள் செய்வித்து, கயிறு கோத்து, பின் இருக்கையின்கீழ்க் கட்டிவைத்தோம்.

ஆவணியில் மறுபடியும் மணற்காட்டுக்குச் சென்றோம். அன்னையார் வரமாட்டார் என்றே நினைத்தோம். புதிய தூக்குச்சட்டியுடன் எல்லாருக்கும் முன்பாக ஏறி அமர்ந்தார். மருமகன் வண்டியை நிறுத்தி, கியரைப் போட்டு, பகிர்வுப் பெட்டியின் பிடியை இருமுறை தொட்டுப் பார்த்து, கைத்தடையை இழுத்தான். “தட்” என்று அந்த இரண்டங்குலம் நகர்ந்து வண்டி நின்றது. பிள்ளைகள் இறங்கிக் கட்டைகளைச் செருகினர்.

“கட்டை போட்டாச்சோ, தம்பி?” என்றார் அன்னையார் எம்மை நோக்கி.

“போட்டாச்சு, அம்மா.”

அவர் பாயை எடுத்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றி நடந்து, அதற்கு மேற்புறமாகச் சரிவில் வெயில் காயும் ஓர் இடத்தைத் தெரிந்து, அங்கே விரித்து உட்கார்ந்தார்.