பழைய மகிழுந்தும் புதிய விலையும்

மகிழுந்து என்னும் சொல்லை வகுப்பறையில் பல்லாண்டுகளாக எடுத்தாண்டு வரும் நாம், வீட்டில் ஒருநாளும் அதனைச் சொன்னதில்லை. எம் அத்தா வாங்கியது 'கார்'. கருமை, முகில், மழைக்காலம் என்றெல்லாம் அச்சொல்லுக்குத் தமிழில் பொருள் உண்டென மாணவர்க்குச் சொல்லும்போது எம் மனக்கண்முன் வந்து நிற்பது வானத்து முகில் அன்று. சாம்பல் நிறமுடைய ஃபியட் 1100 வண்டியே ஆகும். 1968-இல் உருவான அதனை, அத்தா 1981-இல் இன்னொருவரிடமிருந்து வாங்கினார். நெல் தரகு அவர் தொழில். சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் என வைகைப் பாசன வயல்களைச் சுற்றி வரும் அவருக்கு அது வாகனமாகவும் அலுவலகமாகவும் இருந்தது. பின்னிருக்கையில் எப்போதும் மாதிரி நெல் முடிச்சுகள் கிடக்கும். அவற்றின்மேல் நாமும் தம்பியும் கிடப்போம்.

1993-இல் எம் தமக்கையின் நிக்காஹ் செலவுக்காக அத்தா அந்த வண்டியை 28,000 ரூபாய்க்கு விற்றார். வாங்கியவர் எடுத்துச் சென்ற மறுவாரம், அலங்காநல்லூர்ச் சாலையோரத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் சக்கர மூடி ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். வண்டி எம்மிடம் இருந்த காலத்திலேயே எங்கோ கழன்று விழுந்த 'வீல் கப்' அது. வாங்கியவரின் முகவரி தெரியவில்லை. அது தமக்கையின் சீர்ப் பாத்திரங்களோடு சேர்ந்து வாடிப்பட்டிக்குப் போயிற்று. கவிழ்த்து வைத்தால் கிண்ணம். அவர் வீட்டுக் கோழிகள் மூன்று தலைமுறையாக அதில்தான் நீர் அருந்துகின்றன.

இவ்வளவையும் சொல்லக் காரணம், வளைகுடா நாட்டில் பணிபுரியும் எம் தம்பி சென்ற ஆண்டு தொலைபேசியில் சொன்ன செய்தியாகும். மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியிலுள்ள ஒரு பட்டறையில், அதே ஆண்டில் உருவான அதே சாம்பல் நிற ஃபியட் ஒன்றைப் புதுப்பித்து விற்பனைக்கு வைத்திருக்கின்றனராம். படத்தைக் கண்டவுடன் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. விலை கேட்டான், நான்கரை இலட்சம் என்றார் உரிமையாளர். மகிழ்ச்சி மேலிட, அத்தாவின் கதை, நெல் முடிச்சு, வாடிப்பட்டி வீல் கப் அனைத்தையும் அவரிடம் சொல்லித் தீர்த்தான். மறுநாள் பேசியபோது விலை ஐந்தே முக்கால் இலட்சம் ஆகியிருந்தது.

"அண்ணே, நீங்க நேர்ல போய்ப் பாருங்க. காசைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்றான் தம்பி. இருபது ஆண்டு வெயிலில் சேர்த்த காசு அது. கவலைப்படாமல் இருப்பதெங்ஙனம்?

எளிய மக்களுக்கென்று உருவான ஒரு வண்டிக்கு இத்தனை விலை தகுமா? இவ்வினா புதியதன்று. இத்தாலி நாட்டில் 1953-இல் பிறந்த இவ்வண்டி, பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனத்தாரால் உருவாக்கப்பெற்று, 1974-இல் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பூண்டது. நம் சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், வங்கத்தில் உருவான அம்பாசடரும் இதன் உடன்பிறப்புகள் எனலாம். இம்மூன்றையன்றி வேறு வழியில்லாத அக்காலத்தில், பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர் மக்கள். விலையை அரசே வரையறுத்தது. அது குறித்த வழக்கில் 1971-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அரசு விலையில் கிடைக்காமையால், ஓடிய வண்டி புதிய வண்டியைவிடக் கூடுதல் விலைக்குக் கைமாறிய விந்தையும் நிகழ்ந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து அந்த விந்தையை முடித்து வைத்தது. ஆக, இந்த ஏழை வண்டிக்குச் செல்வச் செருக்கு ஏறுவது இது இரண்டாம் முறை. முதன்முறை ஏறியது வண்டி போதாமையால். இம்முறை வண்டி அழிந்தமையால். மும்பைச் சாலைகளில் கடைசி பத்மினி வாடகை வண்டியும் 2023 அக்டோபரில் விடைபெற்றது.

பட்டறைக்குச் சென்றோம். வண்டி கண்ணாடி போல் மின்னியது. கதவைத் திறந்து மூடியபோது எழுந்த ஓசை எம்மைப் பன்னிரண்டு வயதுக்குக் கொண்டு சென்றதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டு சென்றிருந்தோம். அத்தா சொல்லித் தந்த வித்தை அது. இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டும். பட்டி பூசி நிரப்பிய இடத்தில் வழுக்கும். கூரையில் ஒட்டியது, கதவில் ஒட்டியது. கதவுக்குக் கீழே, வாசற்படி போல் நீண்டு கிடக்கும் அடிவிளிம்பில் வைத்தோம். காந்தம் தரையில் விழுந்தது.

இதன் பொருளை வாசகர் உணரவேண்டும். ஹெரால்டு வண்டிக்குத் தனியே அடிச்சட்டம் உண்டு. மேலுடல் அதன்மேல் முடுக்கி வைக்கப்பட்டது. மேலுடல் துருப்பிடித்தால் கழற்றி மாற்றலாம். ஃபியட் அவ்வாறன்று. அதன் உடலே அதன் எலும்பு. அடிவிளிம்பு அரித்தால் வண்டியின் முதுகெலும்பு அரித்தது என்றே கொள்ளவேண்டும். அதனைப் பட்டியால் மூடி வண்ணம் தீட்டுதல், முறிந்த காலுக்குப் பட்டுச் சராய் உடுத்துவது போலாம். மதுரையின் வறண்ட காற்றில் வாழ்ந்த வண்டிகளில் இக்குறை குறைவு. கடலோரத்தில் வாழ்ந்து வந்தவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

உரிமையாளர் தொலைபேசியில் பேசப் போன நேரத்தில், வண்டியின் டிங்கர் வேலையைச் செய்த முதியவர் எம்மிடம் வந்தார். எழுபதை எட்டிய பாய். "காந்தம் கொண்டாந்தீங்களா தம்பி?" என்று சிரித்தார். "அந்த எடத்துல தகட்ட மாத்திடலாம்னு நான் சொன்னேன். மொதலாளிக்கு அவசரம்." பிறகு, நாம் கேட்க, அவர் விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். ஓடாமல் கிடந்த வண்டியை வாங்கியது 40,000. இருவர் மூன்று மாதம் பார்த்த தகடு வேலை 1,10,000. வண்ணம் 70,000. என்ஜின் போரிங், பிஸ்டன், ஹெட் வேலை 60,000. இருக்கையும் கூரை விரிப்பும் 35,000. முலாம் பூச்சு 25,000. கண்ணாடி ரப்பர், பீடிங், சில்லறைச் சாமான் 20,000. கூட்டினால் 3,60,000. இடவாடகையும் இலாபமும் சேர்த்து நான்கரை இலட்சம் என்று முதல்நாள் அவர் சொன்ன விலை, அடிவிளிம்பு மட்டும் சரியாக இருந்திருந்தால், நேர்மையான விலையே.

இங்குதான் எமக்கு ஒரு தெளிவு பிறந்தது. "ஐம்பதாண்டுப் பழைய டப்பாவுக்கு நான்கு இலட்சமா?" என்று நகைப்போர் நம்மில் பலர். அவர்கள் இரும்புக்கு விலை பேசுகின்றனர். இரும்புக்குரிய விலையைக் காயலான் கடையில் கேட்டால் எடை போட்டுச் சொல்லிவிடுவர். காயல்பட்டினத்தார் பெயரால் வழங்குவதாகச் சொல்லப்படும் அக்கடைகளில் நினைவுக்கும் இடமில்லை, உழைப்புக்கும் இடமில்லை. புதுப்பித்த வண்டியில் நாம் வாங்குவது பாயின் மூன்று மாதங்களை. அச்சில் வார்த்த புதுத் தகடு கடையில் கிடைக்காத ஒரு வண்டிக்கு, சுத்தியலும் கட்டையும் கொண்டு வளைவைக் கையால் எழுப்பும் கலைஞர் மதுரையில் இன்னும் எத்தனை பேர் உள்ளனர்? டி. வி. சுந்தரம் அய்யங்கார் பேருந்து ஓட்டிய காலம் முதல் பட்டறைத் தொழில் வேரூன்றிய ஊர் இது. அந்த உழைப்புக்கு நான்கரை இலட்சம் மிகையன்று என்பதே எம் கருத்து. ஆனால் மீதி 1,25,000 யாருக்கு, எதற்கு? அது எம் அத்தாவின் கதைக்கு எமக்கே போடப்பட்ட விலை. எம் வீட்டு நெல்லை எமக்கே விற்பது போன்றது.

குறையை மறைத்து விற்றல் ஆகாது என்பது நம் மார்க்கம் வணிகருக்குச் சொன்ன முதற்பாடம். உரிமையாளர் அதில் தவறினார். ஆசையை அவரிடம் அவிழ்த்துக் காட்டிய தம்பிக்கும் அதில் பங்கு இல்லாமலில்லை.

வாங்கிய பின்னும் செலவு நிற்பதில்லை. ஐம்பதாண்டு கடந்த வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் நடுவணரசு விதி வகுத்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்தால் அன்றாடப் போக்குவரத்துக்கு எடுத்தல் கூடாது; மேலுடலும் என்ஜினும் பெரிதும் மாறியிருத்தலும் கூடாது. மாறாகப் பழைய பதிவையே புதுப்பித்துக் கொண்டிருந்தால், ஐந்தாண்டுக்கொரு முறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியை நிறுத்திக் காட்டவேண்டும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல், கார்புரேட்டரின் பழைய ரப்பர் பாகங்களை அரிப்பது தனிக்கதை.

அடிவிளிம்புத் தகட்டை மாற்றித் தந்தால் நான்கரை இலட்சம் தருகிறோம் என்றோம். அவ்வேலைக்குப் பாய் சொன்ன மதிப்பு 60,000. உரிமையாளர் புன்னகையோடு மறுத்தார். தம்பி இரண்டு வெள்ளிக்கிழமைகள் எம்மோடு பேசவில்லை. "அத்தா வண்டிக்குப் பேரம் பேசுனீங்களாமே" என்று மூன்றாம் வாரம் கேட்டான். அது அத்தாவின் வண்டியன்று என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டோம்.

மாதம் ஒன்று கழிந்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து பாராமலே ஆறு இலட்சத்துக்கு அதனை வாங்கிவிட்டார் என்று அறிந்தோம். அவருடைய கணக்கில் அந்த விலை சரியாக இருந்திருக்கலாம். எம் காந்தம் அதற்கு விடை சொல்லாது.

அதற்கடுத்த வாரம் பட்டறை உரிமையாளரே எம்மை அழைத்தார். "சார், வாடிப்பட்டியில ஒரு ஒரிஜினல் வீல் கப் இருக்கிறதா உங்க தம்பி சொன்னாரே? நாலுல ஒண்ணு டூப்ளிகேட். வாங்குனவர் ஒரிஜினல்தான் வேணும்கிறார். என்ன விலை சொல்றீங்க?"

நாம் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "மூவாயிரம்" என்றோம். கடையில் புதியது ஐந்நூறுக்கு மேல் போகாது. அவர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்.

பணத்தைத் தமக்கையிடம் கொடுக்க வாடிப்பட்டி சென்றோம். அவர் நோட்டுகளை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். மூடியைப் புளி போட்டுத் துலக்கி எம் கையில் தந்துவிட்டு, முற்றத்தைப் பார்த்தபடி கேட்டார்: "அதெல்லாம் சரிடா, கோழிக்குத் தண்ணி எதுல வைக்கிறது?"