கழுவ வேண்டாம், காத்திருக்க வேண்டாம்... மாயவரத்தில் கைக்கு வரும் படம்!

ஐப்பசி மாதத்து விடிகாலை. மயிலாடுதுறை துலாக் கட்டத்தின் படிகளில் ஈரப் புடவையும் ஈர வேட்டியுமாகக் கூட்டம். காவிரிக்கு நடுவே நந்தி மண்டபம். முழுக்குப் போட்டு ஏறியவர்கள் எல்லோரும் போனில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, ஒரு கல்லூரிப் பெண்ணின் கையில் மட்டும் விளையாட்டுச் சாமான் போல வெளிர் நீலத்தில் ஒரு கேமரா. 'க்ளிக்' என்றது. அடுத்து 'க்ர்ர்' என்றபடி மேலே ஒரு வெள்ளை அட்டை எட்டிப் பார்த்தது.

"என்னடி இது, ஒண்ணுமே விழலையே?" - இது பாட்டி.

"இரு பாட்டி, இப்ப வரும் பாரு."

முதலில் நிழலாக நந்தி மண்டபம். அப்புறம் புடவையின் மஞ்சள். ஒன்றரை நிமிடத்தில் முழுப் பாட்டியும் வந்துவிட்டார். "தலைகூடத் துவட்டல, அதுக்குள்ள புடிச்சிட்டியே" என்று அலுத்துக்கொண்டாலும், அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டார்!

ஐப்பசி முழுக்க கங்கை முதலான நதிகள் எல்லாம் இங்கே வந்து நீராடித் தங்கள் பாவத்தைப் போக்கிக்கொள்வதாக ஐதீகம். மாதத்தின் கடைசி நாள் கடைமுகம். மாயூரநாதர் தீர்த்தம் கொடுக்கக் காவிரிக்கு வருவார். தூரத்திலிருந்து நடந்துவந்த கால் முடியாத பக்தர் ஒருவர் கடைமுகம் முடிந்த பிறகே வந்து சேர்ந்தாராம். அவருக்காக ஈசன் ஒருநாள் அவகாசம் தந்தார் என்பதால், கார்த்திகை முதல் நாளும் இங்கே 'முடவன் முழுக்கு' உண்டு. தாமதமாக வந்தவருக்கும் இடம் தந்த ஊர் இது. அந்த ஊரில், தாமதமே கூடாது என்று பிறந்த கேமரா!

அது பிறந்த கதையும் ஒரு குழந்தையின் அவசரம்தான். 1943-ல் அமெரிக்காவின் சான்டா ஃபே நகருக்கு விடுமுறைக்குப் போயிருந்தார் விஞ்ஞானி எட்வின் லேண்ட். போலராய்டு கம்பெனியின் நிறுவனர். அவர் எடுத்த போட்டோவை ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று கேட்டாள் மூன்று வயது மகள் ஜெனிஃபர். பதில் சொல்ல லேண்டுக்கு நான்கு வருடங்கள் ஆயின. 1947 பிப்ரவரியில் நியூயார்க்கில் விஞ்ஞானிகள் முன்னிலையில் தன்னையே படம் எடுத்து, ஒரு நிமிடத்தில் உரித்துக் காட்டினார். 1948 நவம்பரில் பாஸ்டன் கடையொன்றில் 89.75 டாலருக்கு விற்பனைக்கு வந்த கேமராக்கள் அன்றே தீர்ந்துபோயின.

ஸ்டூடியோக்காரர் இருட்டறையில் ஃபிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டு, க்ளிப் மாட்டிக் காயவைக்கும் வேலை முழுவதையும் லேண்ட் ஒரு தாளுக்குள் மடித்துவைத்தார். படத்தின் விளிம்பில் ஒரு சின்னப் பை. அதற்குள் கெட்டியான ரசாயனக் கூழ். படம் இரண்டு உருளைகளுக்கு நடுவே வெளியே வரும்போது பை நசுங்கி, கூழ் தாள் முழுக்கப் பரவும். துலாக் கட்டத்துப் பாட்டியின் அட்டையில் கீழ்விளிம்பு மட்டும் அகலமாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பைதான். சினிமாவில் பார்த்துவிட்டுப் பலரும் அட்டையை விசிறி போல ஆட்டுகிறார்கள். தேவையே இல்லை. இந்த அட்டையில் காய வேண்டியது எதுவும் வெளியே கிடையாது.

மாயவரம் ஜங்ஷனில் இறங்கி மணிக்கூண்டுப் பக்கம் நடந்தால் ஸ்டூடியோ போர்டுகள் இன்னும் உண்டு. ஒரு காலத்தில் கறுப்பு வெள்ளைக்கு ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிம். பிரிண்ட் வாங்க, 'நாளைக்கு வாங்க' என்பதே வழக்கமான பதில். நீடூர் உள்ளிட்ட சுற்றுவட்டார ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பியவர்களுக்கு அந்த நாளை என்பது பெரிய விஷயம். ஏஜென்ட் இன்றே கேட்பார், பாஸ்போர்ட் விண்ணப்பம் திருச்சிக்குப் போக வேண்டும், கடைசி பஸ் போய்விடும்.

இந்த அவசரத்துக்காகவே போலராய்டில் ஒரு தனி கேமரா இருந்தது. முகப்பில் நான்கு லென்ஸ்கள். ஒரே க்ளிக்கில் ஒரே முகம் நான்கு தடவை விழும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தாளைப் பிடித்து ஒரே சீராக இழுக்க வேண்டும். பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்து, வாழைப்பட்டை உரிப்பதுபோல மேல்தாளை உரித்தால் நான்கு பாஸ்போர்ட் போட்டோ தயார். உரித்த தாளில் பிசுபிசுக்கும் கூழ் விரலில் பட்டால் எரியும். தகவல் தொழில்நுட்பம் என்ற வார்த்தை ஊருக்குள் வருமுன்பே, 'அஞ்சு நிமிஷத்துல போட்டோ' என்ற போர்டை நம்பிப் பலர் விமானம் ஏறினார்கள். டிஜிட்டல் கேமராவும் கலர் பிரிண்டரும் வந்ததும் அந்த நாலு கண் கேமரா பரணுக்குப் போய்விட்டது.

போலராய்டே 2001-ல் திவாலானது. 2008-ல் இன்ஸ்டன்ட் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஷெடே தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பழைய ஊழியர்கள் சிலரும் ஆர்வலர்களும் சேர்ந்து காப்பாற்றி, 2010-ல் மறுபடி ஃபிலிம் கொண்டுவந்தார்கள். ஆனால், இன்று துலாக் கட்டத்தில் கிர்ரிடுவது பெரும்பாலும் ஜப்பானின் ஃபியூஜி 1998-ல் அறிமுகப்படுத்திய இன்ஸ்டாக்ஸ் மினி குடும்பம். இடையில் படுத்துக்கிடந்த அதன் விற்பனையைத் தூக்கி நிறுத்தியதில் கொரியத் தொடர்களுக்கும் பங்கு உண்டு. மாயவரத்துப் பெண்கள் அதை எங்கே பார்த்து ஆசைப்பட்டார்கள் என்று தனியாகச் சொல்லவேண்டுமா என்ன!

செம்பனார்கோவில் தாண்டிப் பஸ் திருக்கடையூர் போனால் கதை இன்னும் சுவாரஸ்யம். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று நாள் தவறாமல் மாலையும் கழுத்துமாக முதிய தம்பதிகள். இவர்களில் பலருடைய முதல் கல்யாணத்துக்கு மிஞ்சியிருப்பது சுவரில் மாட்டிய ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். இப்போதோ ட்ரோன் வரை வந்துவிட்டது. ஆல்பம் வரத்தான் மாதக்கணக்காகும். பேரப்பிள்ளைகளின் பையில் இருக்கும் இன்ஸ்டாக்ஸ் அந்த இடைவெளியில் நுழைகிறது.

ஒரு பேக்கில் பத்துப் படம். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 50 ரூபாய். ஏ.டி.எம். கார்டு அளவு அட்டைக்கு இது அதிகம்தான். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. ஒரே பிரதி. பெங்களூரு மகள் கேட்டாலும், துபாய் மகன் கேட்டாலும் ஒன்றுதான். போனில் அதையே படம் பிடித்து அனுப்பலாம், ஆனால் கையில் இருப்பது யாரிடம் என்பதில் சின்ன மனஸ்தாபமே வரும்.

டெல்டா தட்பவெப்பமும் இதற்குத் தோதானதல்ல. கேமராவையும் ஃபிலிமையும் 40 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது கம்பெனி. சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவைத்தால் நிறம் மாறிவிடும். மழையோ கேட்கவே வேண்டாம். 2022 நவம்பரில் பக்கத்துச் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் பழைய போட்டோவை நெகட்டிவ் இருந்தால் மறுபடி பிரிண்ட் போடலாம். இதற்கு அந்த வழி இல்லை. பீரோவின் மேல்தட்டில் வைப்பதுதான் ஒரே பாதுகாப்பு.

திருக்கடையூர் மண்டபங்களில் பத்தாவது அட்டை வெளியே வரும்போது, "எனக்கு, எனக்கு" என்று நாலு கை நீளும். தாலி கட்டிய தாத்தாவும் கட்டிக்கொண்ட பாட்டியும் மட்டும் கையை நீட்டுவதில்லை. கடைசியில், "உங்க கல்யாணம், நீங்களே வெச்சுக்குங்க" என்று யாராவது ஒருவர் அதை வாங்கிப் பாட்டியிடம் தருவார். பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இன்னும் முழுசாகத் தெளியாத அந்த அட்டையில் முதலில் தேடுவது தாத்தாவின் முகத்தைத்தான்.