கப்பல் வந்துச்சா, அண்ணாச்சி?

நல்ல சரக்கை நியாயமான விலைக்கு வாங்குவது எந்த ஊரிலும் சுலபமல்ல. அந்தமானின் வண்டூரில் அதற்குக் கடலும் சம்மதிக்க வேண்டியிருக்கிறது.

வண்டூர் படகுத்துறையில் காலையில் ஒரு சோதனை நடக்கிறது. பவளப்பாறை பார்க்கக் கிளம்பும் பயணிகளின் பைகளை வனத்துறை ஊழியர்கள் திறக்கச் சொல்கிறார்கள். அவர்கள் தேடுவது பிளாஸ்டிக். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, தண்ணீர் பாட்டில் எல்லாம் கரையிலேயே நின்றுவிட வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால், முன்பணம் கட்டி, திருப்பித் தர வேண்டிய பாட்டிலில் கொண்டு போகலாம். 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாசல் இதுதான். 15 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலுமாக சுமார் 281 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரியும் அந்தப் பூங்காவில் பாக்கெட்டுக்கு அனுமதி இல்லை.

ஊருக்குள் வந்தால் கதை வேறு. சின்ன மளிகைக் கடைகளின் முகப்பில் அதே பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்குகின்றன. ஷாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள், மசாலா, ஊறுகாய் எல்லாமே ஒரு வேளைக்கு, ஒரு குளியலுக்கு, ஒரு குழம்புக்கு என்ற அளவில். பயணிக்குப் பாக்கெட் ஒரு குப்பை. உள்ளூர்க்காரருக்கு அது அன்றைய சமையல். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வண்டூர்க் குடும்பங்களின் மாதக் கணக்கு ஓடுகிறது.

ஊரின் பெயரே கப்பலில் வந்து இறங்கியதுதான். 1921இல் மலபாரில் நடந்த மாப்பிளைக் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேய அரசு ஏராளமானோரை அந்தமானுக்கு அனுப்பியது. வந்தவர்கள் குடியேறிய இடங்களுக்குத் தாங்கள் விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். மஞ்சேரி, திரூர், காலிகட் என்று தெற்கு அந்தமானில் ஒரு குட்டி மலபார் உண்டு. மலப்புறம் மாவட்டத்து வண்டூரின் பெயரைத் தாங்கி நிற்பதுதான் இந்த வண்டூர். பிறகு வங்காளிகள், தமிழர்கள், தெலுங்கர்கள், ராஞ்சிப் பக்கத்துத் தொழிலாளர்கள் என்று பலரும் தீவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மொத்த மக்கள்தொகை 3,80,581. அதில் ஏறக்குறைய 15 சதவிகிதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். கடைத்தெருவில் பொதுமொழி இந்தி என்றாலும், "கப்பல் வந்துச்சா, அண்ணாச்சி?" என்ற கேள்வியைக் கேட்காமல் இங்கே ஒரு வாரம்கூடக் கழியாது.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. சென்னையிலிருந்து தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பரிலிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) கடல் வழி சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலுக்கு ஏறக்குறைய மூன்று நாள். கொல்கத்தாவும் விசாகப்பட்டினமும்கூட இதே போன்ற தொலைவில்தான். துவரம்பருப்பு, உளுந்து, சர்க்கரை, வெங்காயம், உருளைக்கிழங்கு, கோதுமை மாவு எல்லாம் அந்தத் தண்ணீரைத் தாண்டி வந்தாக வேண்டும். துறைமுகத்தில் இறங்கிய மூட்டை லாரி ஏறி, காராசர்மா, சிப்பிகாட் வழியாக இன்னும் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பயணம் செய்தால்தான் வண்டூர். தீவுக்காரர்கள் 'மெயின்லேண்ட்' என்று சொல்லும் இந்தியப் பெருநிலத்தில், மழை வந்தால் வெங்காய விலை ஏறும். இங்கே அலை எழுந்தாலே ஏறிவிடும்.

இந்தக் கப்பல் கூலியை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு பைசாகூட வாங்கக் கூடாது என்பது சட்டம். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் சென்னையிலும் வண்டூரிலும் அச்சிட்ட விலை ஒன்றே. அதனால் பிரபல கம்பெனிச் சரக்கில் கடைக்காரரின் லாபம்தான் மெலிகிறது. தள்ளுபடி கொடுக்க அவரிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. பெருநகரத்தில் உச்சவரம்பாக இருக்கும் அச்சிட்ட விலை, தீவில் சாதாரண விலையாகிவிடுகிறது. ஆனால் மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் பருப்புக்கும் காய்கறிக்கும் அச்சிட்ட விலை கிடையாது. கப்பல் கூலி, லாரி கூலி, சேதாரம் எல்லாம் போய் உட்காருவது அவற்றின் தலையில். ஏழை வீட்டுச் செலவில் பெரும்பங்கு எது? அதே பருப்பும் காய்கறியும்தான்.

உலகின் மற்ற இடங்களில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு சின்னக் கடையைத் திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி இவ்வளவுதான் சரக்கு. கலப்படம் இல்லாத பொருள், சரியான எடை என்பதே அவர்கள் கொடுத்த வாக்குறுதி. கடை தன் பெயரையே சரக்குக்கு உத்தரவாதமாக வைக்கும் பழக்கத்துக்கு அந்தக் கூட்டுறவு இயக்கம் ஒரு முன்னோடி. பிறகு ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் சகோதரர்கள் தொடங்கிய ஆல்டி கடைகள் இதை ஒரு கணக்காகவே ஆக்கின. குறைந்த வகைச் சரக்கு, பெரும்பாலும் சொந்தப் பெயரில். விளம்பரமும் அலங்காரமும் குறைவு. அட்டைப்பெட்டியைப் பிரித்து அப்படியே அடுக்கிவிடுவார்கள். மிச்சமாகும் செலவு விலையில் குறைகிறது. 2002இல் மும்பையில் முதல் கடையைத் திறந்த டிமார்ட்டும் அச்சிட்ட விலைக்குக் கீழே விற்றுத்தான் வளர்ந்தது.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. 1904இலேயே திருவல்லிக்கேணியில் ஒரு நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சென்னைவாசிகள் 'காமதேனு' என்று அறிந்த கடைகள் அதனுடையவைதான். கோயம்புத்தூருக்குச் 'சிந்தாமணி' இருந்தது. வண்டூரின் தாய்வீடான கேரளத்தில் 1974இல் அரசு தொடங்கிய சிவில் சப்ளைஸ் கார்ப்பரேஷன் 'மாவேலி' கடைகளை நடத்துகிறது. தேயிலை, தேங்காயெண்ணெய், மசாலாப் பொடிகளைச் 'சபரி' என்ற சொந்தப் பெயரில் விற்கிறது. பெயர் கொடுத்த ஊர் இருக்கும் மாநிலத்தில் அரசே ஒரு 'பிராண்ட்' வைத்திருக்கிறது. பெயர் வாங்கிய ஊர் கப்பலுக்குக் காத்திருக்கிறது.

தள்ளுபடிக் கடை என்பது கூட்டத்தை நம்பிய வியாபாரம். லட்சக்கணக்கானோர் ஒரே நகரில் வாழ வேண்டும். லாரி தினமும் வந்து நிற்க வேண்டும். இன்று இறங்கிய சரக்கு சில நாளில் தீர்ந்துவிட வேண்டும். சுமார் நான்கு லட்சம் மக்கள் பல தீவுகளில் சிதறிக் கிடக்கும் இடத்தில் அந்தக் கணக்கு சுலபத்தில் உதைத்துவிடும். கப்பல் தவறினால் அலமாரி காலி. சேர்த்து வைத்தால் சரக்கு பூஞ்சணம்.

எனவே வண்டூர்க் குடும்பங்கள் தள்ளுபடிக் கடையைத் தாங்களே துண்டு துண்டாகக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் துண்டு ரேஷன் கடை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் குடும்பங்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து தானியம் இலவசம். அடுப்பு எரிவதற்கு அது உத்தரவாதம். இரண்டாவது துண்டு நகரத்துக்குப் பஸ் பயணம். மாதச் சாமானை அபர்தீன் பஜாரில் நான்கு கடை ஏறி இறங்கி மொத்தமாக வாங்கினால் கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சமாகும். ஆனால் பஸ் கட்டணத்தையும், அந்த நாளின் கூலி இழப்பையும் கழித்துப் பார்க்க வேண்டும். அரசு ஊழியர் வீட்டில் இந்தக் கணக்கு நிற்கும். தினக்கூலி வீட்டில் பெரும்பாலும் நிற்காது. பக்கத்து வீடுகள் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் மட்டுமே லாபம். கூட்டுறவு என்று பெயர் வைக்காவிட்டாலும் அதுவும் ராச்டேல்தான்.

மூன்றாவது துண்டு, பெயர் தெரியாத பாக்கெட். மொத்த வியாபாரிகள் தங்கள் சொந்தப் பெயரை அச்சிட்டு வரவழைக்கும் ரவை, மைதா, மிளகாய்த்தூள், டீத்தூள். டிவி விளம்பரம் கிடையாது. விலையும் குறைவு. நல்லதா கெட்டதா என்பதை உறை சொல்லும், படிக்கத் தெரிந்தால். தயாரித்தவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா, பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா, மசாலாப் பொடியில் அக்மார்க் முத்திரை உண்டா, பாக்கெட் செய்த மாதம் எது என்று பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதையும் சில ஆண்டுகளாக உறைமேல் அச்சிட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பளபளப்பை ஒதுக்கிவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

உதிரிச் சரக்குக்கு உறையும் கிடையாது, எண்ணும் கிடையாது. கண்ணும் கையும்தான் சோதனைக்கூடம். டீத்தூளை ஈரமான வெள்ளைத் தாளில் தூவிப் பார்ப்பது பழைய வழி. உடனே நிறம் ஓடினால் சாயம். துவரம்பருப்போடு சப்பையாக, ஆப்பு வடிவில் பருப்புகள் கலந்திருந்தால் கேசரிப் பருப்போ என்று சந்தேகிக்க வேண்டும். இதெல்லாம் வீண் பயமல்ல. 1998இல் டெல்லியில் ஆர்ஜிமோன் கலந்த கடுகெண்ணெய் பலரைக் கொன்றது. உதிரியாக எண்ணெய் விற்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். மலிவு என்பது வேறு, மட்டம் என்பது வேறு. இரண்டையும் பிரித்தறிவதில்தான் இல்லத்தரசியின் திறமை இருக்கிறது.

இவ்வளவும் பார்த்து வாங்கிய பிறகும் காற்று ஒன்று பாக்கி இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவு இது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. உப்பு நீர் விடும், அப்பளம் நமத்துப் போகும், ரவையில் வண்டு விழும். பத்துக் கிலோ வாங்கி இரண்டு கிலோ வீணானால் மொத்த விலை லாபம் போன இடம் தெரியாது. இறுக்கமான மூடியுள்ள டப்பாக்களும், வெயில் கண்ட நாளில் பருப்பைக் காயவைக்கும் முறமும் இங்கே சிக்கனத்தின் கருவிகள். டப்பாக்கள் வாங்கவும் முதல் வேண்டுமே?

அந்த முதல் இல்லாத வீடு கடை முகப்பில் தொங்கும் சரத்துக்குத்தான் திரும்புகிறது. சின்ன உறையில் ஷாம்பு விற்கும் யோசனையை இந்தியாவில் பரப்பியவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். 1983இல் அவர் மகன் சி.கே. ரங்கநாதன் கொண்டுவந்த 'சிக்' ஷாம்பு அதைக் கிராமம்தோறும் சேர்த்தது. பாட்டில் வாங்க முடியாதவரும் ஒரு உறை வாங்கலாம் என்பது ஒரு வகையில் சமத்துவம்தான். ஆனால் உணவுச் சாமானில் கணக்கு பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஓர் உதாரணத்துக்கு, 20 கிராம் தூள் 10 ரூபாய் என்றால் கிலோ 500 ரூபாய். அதே தூள் 200 கிராம் 80 ரூபாய் என்றால் கிலோ 400தான். கையில் 80 ரூபாய் இல்லாதவர்தான் கிலோவுக்கு 100 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். காலி உறை மழைநீரோடு ஓடை வழியே போய்ச் சேருவதோ, வாசலில் பையைச் சோதித்துப் பாதுகாக்கும் அதே கடலில்.

கப்பலை எதிர்பார்க்காத சரக்கும் வண்டூரைச் சுற்றி இல்லாமல் இல்லை. தேங்காய், வாழை, பாக்கு, கீரை, மீன் எல்லாம் உள்ளூரின் 'சொந்த பிராண்ட்'. உறை கிடையாது, உரிம எண் கிடையாது. பறித்தவரும் பிடித்தவரும் தெரிந்த முகங்கள் என்பதே முத்திரை. இந்தச் சரக்கு இன்னும் அதிகமாக இருந்திருக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது தெற்கு அந்தமானின் தரையே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதியில் வயல்களுக்குள் நுழைந்த கடல் திரும்பிப் போகவில்லை. வண்டூர்ச் சாலையில் வருபவர்கள் ரசிக்கும் நீர்ப்பரப்பில் ஒரு பகுதி ஒரு காலத்து நெல்வயல். காய்கறிக் கூடையின் விலையில் அந்த வயல்களும் சேர்ந்திருக்கின்றன.

கப்பல் அடியோடு நின்றால் என்ன ஆகும் என்பதையும் தீவு அறியும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் இருந்தபோது பெருநிலத்திலிருந்து வரத்து அற்றுப்போனது. கடைசி ஆண்டில் பசி கொடுமையாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, தீவின் பழைய வீடுகளில் முற்றத்து மரவள்ளியும் முருங்கையும் அழகுக்காக நிற்பவையாகத் தோன்றுவதில்லை.

பெரிய கடை வராவிட்டாலும் செய்யக்கூடியவை உண்டு. சங்கங்களும் மகளிர் குழுக்களும் பருப்பையும் மசாலாவையும் மூட்டையாக வரவழைத்து, எடை போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவரும் டப்பாவில் கொடுத்தால் உறைச் செலவும் மிச்சம், குப்பையும் மிச்சம். பயணிக்கு முன்பணம் வாங்கிப் பாட்டில் கொடுத்துத் திருப்பி வாங்கத் தெரிந்த ஊருக்கு இது முடியாத காரியம் அல்ல.

மாலையில் படகுகள் திரும்புகின்றன. பயணிகள் பாட்டிலைக் கொடுத்து முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வண்டி ஏறுகிறார்கள். நகரத்திலிருந்து வரும் பஸ்ஸிலிருந்து கனத்த பைகளோடு பெண்கள் இறங்குகிறார்கள். பைக்குள் என்ன இருக்கிறது என்று வண்டூரில் யாரும் அவர்களைக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை அவர்கள் கடையிலேயே, ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்து, கேட்டு முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.